அத்தானின் நீலப் பந்து

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், அத்தான் பையின் ஜிப்பைப் பாதி திறந்து உள்ளே கையை விடுகிறார். பந்தை வெளியே எடுப்பதில்லை. ஒருமுறை தடவிப் பார்க்கிறார், அவ்வளவுதான். தூங்கும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறதா என்று பார்க்கும் தடவல். ஜிப்பை மூடிவிட்டுக் காலணி மாற்றுகிறார், இடது கால் முதலில். மறுபடி ஜிப்பைத் திறக்கிறார். இப்போதுதான் பந்து வெளியே வருகிறது.

விவரங்களை முதலில் பதிந்துவிடுகிறேன். வயது ஐம்பத்தொன்பது. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். தொழில், லிஃப்ட் பழுது பார்ப்பது. முப்பத்துநான்கு ஆண்டுகளாக ஒரே நிறுவனம். உறவு, என் அக்காவின் கணவர். ஆடும் ஆட்டம் பவுலிங். கிரிக்கெட்டில் வீசுவது அன்று, நீண்ட மரப்பாதையில் கனமான பந்தை உருட்டிக் கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்ப்பது. பந்தின் எடை பதினான்கு பவுண்டு. நிறம் எழுதுமையின் நீலம். மேலோடு யூரித்தேன் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக். துளைகள் மூன்று, கட்டைவிரல் துளை இருமுறை பெரிதாக்கப்பட்டது.

சனிக்கிழமை லீக்கில் அவருடைய அணியின் பெயர் ‘நாலாவது மாடி’. பெயர் வைத்தவர் அவரே. அணியில் நால்வர். முதலில் உருட்டுபவன் என் தம்பி, அணித் தலைவன். இரண்டாவது, அக்காவின் மகள், இடக்கைக்காரி. மூன்றாவது அத்தான். நான்காவது அக்கா. இந்த வரிசை மாறியதில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்குப் பத்துக் கட்டங்கள், கட்டத்துக்கு இருமுறை உருட்டலாம்; பத்துக் கட்டைகளும் சாய்ந்தால் கூடுதல் புள்ளி, உச்சம் முந்நூறு. புள்ளிகளைக் குறித்து வைப்பது என் பொறுப்பு. குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, திருமணம், அறுவை சிகிச்சை ஆகியவற்றைப் பதியும் நோட்டின் பின்பக்கங்களில் அவை இருக்கின்றன.

அத்தானுக்குக் குலுக்கல் ஆகாது. “லிஃப்ட் நின்னது ஆளுக்குத் தெரியவே கூடாது. கதவு தொறந்தப்புறம்தான், ஓ, வந்தாச்சான்னு தோணணும்” என்பார். அவருடைய கருவிப் பெட்டியில் ஒரு கண்ணாடித் தம்ளர் இருக்கிறது. பழுது பார்த்து முடித்ததும் அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, லிஃப்டின் தரையில் வைத்து, உச்சி மாடிவரை ஏறி இறங்குவார். ஒரு சொட்டுச் சிந்தினாலும் பெட்டி மறுபடி திறக்கப்படும். பிறர் பராமரிக்கும் லிஃப்டில் பயணியாகப் போகையில் கண்ணை மூடிக்கொள்வார். அது நிற்கும்போது ஒரு புருவம் மட்டும் உயரும். லிஃப்டின் நோய்களை அவர் மூன்றாகப் பிரித்திருக்கிறார்: தும்மல், விக்கல், பெருமூச்சு. “மூணாவது மாடில ஒரு தும்மல் இருக்கு” என்று அறிமுகமில்லாத காவலாளியிடம் சொல்லிவிட்டு நடந்துபோவார். காவலாளி மூன்றாவது மாடிக்குப் போய் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்ததும் உண்டு.

இந்தக் குணம் தொழிலோடு நிற்பதில்லை. மகள் பள்ளியில் கணக்குப் பரீட்சையில் தோற்ற அன்று அக்காவிடம் செய்தி சொல்ல வந்தவர், வாசலிலிருந்து தொடங்கினார்.

“இந்தத் தடவை பேப்பர் கொஞ்சம் கஷ்டமாம். நெறைய பேருக்கு நேரம் போதலையாம். நம்ம பாப்பா ரொம்ப நல்ல மார்க்குன்னு சொல்ல முடியாது. அடுத்த மாசமே மறுபடி எழுதலாமாம், அது ஒரு வசதி…”

“பெயிலான்னு ஒரே வார்த்தைல சொல்லித் தொலைங்களேன்!”

“இரும்மா. மாடி மாடியாத்தானே எறக்கணும்.”

அப்படிப்பட்டவர் யூரித்தேன் பந்தைத் தேர்ந்ததில் வியப்பில்லை. பாதையின் நீளம் அறுபதடி. அதில் முதல் நாற்பதடிக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள்; கடைசி இருபதடி வெறும் பலகை. லீக்கில் ஆடும் மற்றவர்கள் வைத்திருப்பது ரெசின் என்னும் பிசினால் மேலோடு செய்த பந்து. அது எண்ணெயின்மேல் வழுக்கிக்கொண்டு நேராக ஓடும். வெறும் பலகையைத் தொட்டதும் சடாரென்று திரும்பிக் கட்டைகளின் நடுவே பாயும். பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் அத்தானின் கருத்து வேறு: “அடுப்பை அணைக்காம வந்துட்டோம்னு பாதி வழில ஞாபகம் வந்தவ மாதிரி திரும்புது. அது என்ன திரும்பல்?” யூரித்தேன் அவ்வாறு செய்வதில்லை. முன்னதாகவே திரும்பத் தொடங்கி, மாடிப்படியின் கைப்பிடி வளைவதுபோலச் சீராக வளைந்து போகும். எங்கே திரும்பியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. சொன்ன இடத்துக்குப் போகும். போய்ச் சேரும்போது வேகம்தான் சற்றுக் குறைந்திருக்கும். ஆகவே ஒன்பது கட்டைகள் சாயும்; வலது மூலையில் கடைசிக் கட்டை மட்டும் ஆடாமல் அசையாமல் நிற்கும்.

அந்தக் கட்டைக்கு அத்தான் வைத்திருக்கும் பெயர் சம்பந்தி. “எல்லாரும் உக்காந்தாச்சு, சம்பந்தி மட்டும் மொறைச்சுக்கிட்டு நிக்கிறாரு. மரியாதையா இன்னொரு தடவை போய் அழைச்சாத்தான் வருவாரு” என்று சொல்லியபடி இரண்டாவது முறை உருட்டுவார். பத்து முறைக்கு ஒன்பது முறை சம்பந்தி வந்துவிடுவார். அவருடைய சராசரி நூற்று அறுபத்தெட்டு. எல்லா ஆண்டும் நூற்று அறுபத்தெட்டுக்கு அருகில்தான். தம்ளரில் தண்ணீர் சிந்துவதில்லை.

ஆனால் யூரித்தேனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரெசின் பந்து எண்ணெயைக் குடித்துவிடும். யூரித்தேன் குடிக்காது, வழியில் பட்ட எண்ணெயை உடலில் வளையமாகச் சுற்றிக்கொண்டு போய், எண்ணெய் இருக்கக் கூடாத வெறும் பலகையில் இழுகிவிடும். அதே தடத்தில் பின்னால் வருபவரின் பந்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் வழுக்கிக்கொண்டே போகும். பாதையில், நின்று உருட்டும் கோட்டிலிருந்து பதினைந்தடி தள்ளி, குறி பார்ப்பதற்காக ஏழு அம்புகள் வரைந்திருப்பார்கள். தம்பிக்கும் அத்தானுக்கும் வலமிருந்து இரண்டாவது அம்பு. அக்காவுக்கு மூன்றாவது. மகளுக்கு இடப்பக்கத்து அம்பு.

“அத்தான், நீங்க பந்தா உருட்டறீங்க? வீட்டைத் தொடைச்சு விடறீங்க” என்பான் தம்பி.

“வழுக்குச்சுன்னா ரெண்டு பலகை தள்ளி நில்லு கேப்டன்.”

“நான் எதுக்கு நகரணும்? நான் நிக்கிற இடத்துலதான் நிப்பேன்.”

“எனக்கு இந்தப் பக்கம் வேற நாடு” என்பாள் மகள், தன் இடக்கையை உயர்த்திக் காட்டி. “உங்க எல்லைச் சண்டையை அங்கேயே முடிச்சுக்கோங்க.”

இந்த வழக்கில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அக்கா. உடைகளைச் சீர்செய்யும் தையல் கடை வைத்திருப்பவள். பிறர் தைத்ததில் குறை கண்டுபிடிப்பதே தொழிலாகிவிட்டதால், வீட்டிலும் அதைத் தொடர்கிறாள். திரைச்சீலைத் துணியில் மிஞ்சியதை நான்கு பக்கமும் மடித்துத் தைத்து ஒரு துண்டு செய்திருக்கிறாள். அத்தானின் பந்து ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அதை எடுத்து நீட்டுவாள். “தொடைங்க. எங்க வழில எண்ணெய்க் கடை வெக்காதீங்க.” அத்தான் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொள்வார். துடைத்தாலும் வளையம் முழுதாகப் போகாது, ஏதோ போகும்.

அக்காவின் பந்து ரெசின். மெதுவாக உருட்டுவாள், அதனால் பந்து தேவைக்கு மேல் திரும்பி இடப்பக்கம் ஓடிவிடும். முதல் ஆட்டத்தில் நூற்று முப்பது, இரண்டாவதில் நூற்று முப்பத்தைந்து என்று தடுமாறுவாள். மூன்றாவது ஆட்டம் வந்ததும் நிலைமை தலைகீழாகும். பந்து அடங்கி நடக்கும். நூற்று அறுபத்தைந்துக்குக் குறையாது. இதற்கு அவள் சொல்லும் காரணம் ஒன்றே: “நான் பழைய தையல் மிஷின். சூடேறினாத்தான் ஓடுவேன்.” நோட்டின் பின்பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறது: ‘அக்கா மூன்றாவது ஆட்டத்தில் சூடேறுகிறாள்.’ அதற்கு நேர்மேலே இன்னொரு குறிப்பு: ‘அத்தான் மூன்றாவது ஆட்டத்தில் களைக்கிறார்.’ உண்மையில், மூன்றாவது ஆட்டத்தில் மட்டும் அவருடைய கை தவறும். இரண்டாவது அம்பின்மேல் போக வேண்டிய பந்து மூன்றாவதன்மேல் போகும்; புள்ளி நூற்றைம்பதுக்கு இறங்கும். “வயசாகுதில்ல” என்பான் தம்பி. அத்தானும் மறுப்பதில்லை. முழங்கையைத் தடவிக்கொண்டு, “ஆகுதே” என்பார்.

இந்த ஆண்டு பருவத்தின் கடைசிச் சனிக்கிழமைக்கு இரண்டு வாரம் முன்பு, தம்பி அக்கா வீட்டுச் சமையலறைக்கு வந்தான். கடைசிப் போட்டியில் தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும் என்ற நிலை. ஒரு கையில் புத்தம்புது ரெசின் பந்து, சிவப்பில் பொன்னிறச் சுழிகள். மறுகையில் அடுத்த பருவத்துக்கான விண்ணப்பப் படிவம். அதில் மூன்று பெயர்கள் எழுதியிருந்தன. மூன்றாவது இடம் காலி.

“அத்தான், கோச்சுக்காதீங்க. கடைசி மேட்ச்ல இந்தப் பந்துன்னா, இங்க உங்க பேரு. அந்த நீலப் பந்துன்னா, உங்க இடத்துக்கு மருந்துக்கடைக்காரர் ரெடியா இருக்காரு.”

அத்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். அச்சகத்தின் பெயரைக்கூடப் படித்தார் என்று நினைக்கிறேன். பதினோரு ஆண்டுகளில், அவசர அழைப்பைத் தவிர, அவர் சனிக்கிழமை பிற்பகலுக்கென்று வேறு எதையும் ஒப்புக்கொண்டதில்லை. பதவி உயர்வோடு சனிக்கிழமை வேலையும் வந்தபோது, பதவி உயர்வைத் திருப்பிக் கொடுத்தவர்.

“மருந்துக்கடைக்காரர் எந்த அம்புல ஆடுவாரு?”

“ரெண்டாவது.”

“மூணாவதுக்கு வர மாட்டாரா?”

“அவரு எதுக்கு மூணாவதுக்கு வரணும்?”

அத்தான் படிவத்தை நேராக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “சரி. புதுசையே எடுத்துட்டு வரேன்.”

“அப்பாடா!” என்றாள் அக்கா, பாத்திரம் கழுவியபடி. “இனிமே எனக்கு மொத ஆட்டத்துலேயே சூடேறும், பாருங்க.”

கடைசிச் சனிக்கிழமை மருந்துக்கடைக்காரர் எங்களுக்கு முன்பே வந்து, காலணியும் மாட்டி, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதிரணி வங்கி ஊழியர்கள். நால்வரும் ஒரே நிறச் சட்டை. மூன்று ஆட்டங்களின் மொத்தப் புள்ளிகள் யாருக்கு அதிகமோ அவர்களுக்கு வெற்றி.

சிவப்புப் பந்து அத்தானின் கையை விட்டுப் போய், வழுக்கி, திடீரெனத் திரும்பி, சம்பந்தி உட்படப் பத்துப் பேரையும் வாரிக்கொண்டு போயிற்று. அத்தான் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். முதல் ஆட்டத்தில் அவர் எடுத்தது இருநூற்று மூன்று. இரண்டாவதில் இருநூற்றுப் பதினொன்று. இரண்டுமே அவர் வாழ்நாளில் எடுத்திராத எண்கள். தம்பி அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டான். சட்டைப் பையில் படிவமும் பேனாவும் தயாராக இருந்தன. மருந்துக்கடைக்காரர் மரியாதைக்குக் கைதட்டினார்.

அத்தான் ஸ்கோர் பலகையில் தம் வரியைப் பார்க்கவேயில்லை. அதற்குக் கீழ்வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா: நூற்று இருபத்தேழு, நூற்று ஒன்பது. அவளுடைய பந்து ஒவ்வொரு முறையும் பாதி வழியிலேயே இடப்பக்கம் பாய்ந்தது. அவள் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பிறகு காலணியைக் குறை சொன்னாள். பிறகு எதுவும் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குக் கவலை தந்தது. “மூணாவது ஆட்டத்துல சரியாயிடும்மா” என்றாள் மகள். “ஆங், ஆகும்” என்றாள் அக்கா, தன் கைகளைப் பார்த்தபடி. மொத்தத்தில் எதிரணியைவிடப் பதினாறு புள்ளிகள் பின்தங்கியிருந்தோம்.

அத்தான் எழுந்து தம் பையருகே போனார். ஜிப்பைப் பாதி திறந்தார். உள்ளே கையை விட்டுத் தடவினார். நீலப் பந்து வெளியே வந்தது.

“அத்தான்! இருநூத்துப் பதினொண்ணு போட்டுட்டு எவனாவது பந்தை மாத்துவானா?”

“அது தும்முது கேப்டன். எனக்கு ஒத்துக்கலை.”

“அந்தப் படிவத்துல உங்க பேரை நான் இன்னும் எழுதலை. ஞாபகம் இருக்கட்டும்.”

“இருக்கு” என்றார் அத்தான்.

எனக்குள் ஏதோ உறுத்த, நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். பதினோரு ஆண்டுகளில் அத்தான் வராத சனிக்கிழமைகள் ஆறு. ஆறு முறையும் எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டு அவரை அவசரமாக அழைத்திருக்கிறார்கள். ஒருமுறை மாட்டிக்கொண்டவர் பல் மருத்துவர், வெளியே காத்திருந்த நோயாளிகள் யாரும் அவசரப்படவில்லை என்று குறிப்பும் இருக்கிறது. அந்த ஆறு நாள்களில் அக்காவின் மூன்றாவது ஆட்டம்: 121, 109, 118, 126, 112, 115. ‘சூடேறுகிறாள்’ என்ற பழைய குறிப்பின்மேல் கோடு கிழிக்கப் பேனாவைத் திறந்தேன்.

“மச்சான்” என்றார் அத்தான், பந்துக்குள் விரலை நுழைத்தபடி, மிக மெதுவாக. “ஸ்கோரை மட்டும் எழுதுங்க. பழசைப் பொரட்டாதீங்க.”

பேனாவை மூடினேன்.

அவருடைய பந்து முதல் உருட்டிலேயே மூன்றாவது அம்பின்மேல் போனது. இரண்டாவது உருட்டிலும். லீக்கில் இரு அணிகளும் ஒரே இரண்டு பாதைகளில் மாறி மாறி ஆட வேண்டும். இரண்டிலும் மூன்றாவது அம்புதான். நான்காவது கட்டம் முடிந்து அவர் திரும்பி வந்தபோது அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே ஓடிய தையலைப் பார்க்கும் பார்வை அது.

“உங்க அம்பு ரெண்டாவதுதானே? மூணாவதுல என்ன வேலை?”

“கை தவறிப்போச்சும்மா.”

“நாலு தடவையுமா?”

“வயசாகுதில்ல.”

அவள் எழுந்துபோய்த் தன் பந்தை உருட்டினாள். அது இடப்பக்கம் பாய நினைத்ததுபோல் ஒரு கணம் தெரிந்தது. பாயவில்லை. அத்தான் இழுகிவைத்த எண்ணெயின்மேல் இன்னும் கொஞ்சம் நேராக ஓடி, பிறகு சாவகாசமாகத் திரும்பி, பத்தையும் சாய்த்தது. அடுத்த கட்டத்திலும் பத்து. அக்கா துள்ளவில்லை, வழக்கமாகச் சொல்லும் தையல் மிஷினையும் சொல்லவில்லை. பலகைகளின்மேல் விளக்கொளி பட்டு மினுங்கிய மெல்லிய தடத்தை, கோட்டின் அருகே குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு வந்தாள்.

இதற்கிடையில் வங்கி ஊழியர்களின் பந்துகள் வழுக்கத் தொடங்கியிருந்தன. ஒருவர் காலணியின் அடியைப் பார்த்தார். இன்னொருவர் கூடத்துப் பணியாளரை அழைத்துத் தரையைக் காட்டினார். அம்பு வேறானாலும் எல்லாப் பந்தும் கடைசியில் சேரும் இடம் ஒன்றுதான் என்பதால், தம்பியின் பந்தும் வழுக்கியது. “மாமா, ஒரே ஒரு தடவை ரெண்டு பலகை வலப்பக்கம் தள்ளி நில்லுங்களேன். யாரும் பார்க்கலை” என்றாள் மகள். தம்பி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக நகர்ந்தான். பத்துக் கட்டைகளும் சாய்ந்தன. அவன் யாருடைய முகத்தையும் பார்க்காமல் வந்து உட்கார்ந்தான்.

முடிவை இங்கேயே எழுதிவிடுகிறேன். மூன்றாவது ஆட்டத்தில் அத்தான் நூற்று நாற்பத்தொன்பது. அக்கா நூற்று எழுபத்தொன்று. மொத்தத்தில் நான்கு புள்ளிகள் அதிகம் பெற்று வென்றோம். தம்பி படிவத்தை முழங்கால்மேல் வைத்து, மூன்றாவது இடத்தில் அத்தானின் பெயரை எழுதினான். மருந்துக்கடைக்காரர் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுக் காலணியைக் கழற்றினார். சிவப்புப் பந்து இப்போது தம்பி வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் தடுக்கிறது.

நான் பதிய நினைத்தது அதற்குச் சற்று முன்பு நடந்தது. ஒன்பதாவது கட்டம் முடிந்திருந்தது. நீலப் பந்து அகலமான எண்ணெய் வளையத்தோடு திரும்பி வந்து தாங்கியில் நின்றது. அத்தான், வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல், துண்டுக்காகக் கையை மட்டும் பின்னால் நீட்டினார். துண்டு அக்காவின் மடியில் இருந்தது. அவள் பந்தின் வளையத்தைப் பார்த்தாள்; மூன்றாவது அம்பைப் பார்த்தாள்; காற்றில் காத்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

“துண்டு, துண்டு” என்றன அவர் விரல்கள், மடங்கி மடங்கி.

அக்கா துண்டை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள், நாற்காலியில் வைத்து, அதன்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள்.

“தொடைக்காதீங்க” என்றாள். “அப்படியே உருட்டுங்க.”

மூன்றாவது அம்பின்மேல் அத்தானின் கை தவறத் தொடங்கி, அன்றோடு, பதினோரு ஆண்டுகள், இரண்டு மாதங்கள்.